முனையத் திரையில் தமிழ் எழுத்து

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்

கணிப்பொறியில் தமிழ் வருமா என்று இன்று எவரும் ஐயுறுவதில்லை. கைப்பேசியில் தமிழ்ச் செய்தி வராத வீடு நம் கொம்யூன்களில் இல்லை என்றே கூறலாம். ஆயினும் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும் முனையத்தின் முன் அமர்ந்துவிட்டால், "இதில் தமிழ் வராது, ஆங்கிலத்திலேயே அடி" என்னும் சொல்லை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். வராது என்றால் எது வராது? எழுத்து வராதா, வடிவம் வராதா, வரிசை நேராக வராதா? முனைய மென்பொருளின் காட்சி அமைப்பை மாற்றினால் எது தீரும், எது தீராது? இவற்றைப் பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது வெறும் ஆய்வக ஆர்வம் அன்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பாகூர்ப் பக்கத்து ஊரில், என் அம்மா உறுப்பினராக உள்ள மகளிர் சுய உதவிக் குழுவின் சேமிப்பும் கடனும் தவணையும் இன்றும் கோடு போட்ட நோட்டில்தான் உள்ளன. அவற்றைக் கூட்டிக் கழித்துக் காட்ட நாம் முதலாண்டில் படித்த சி மொழியே போதும். ஐம்பது வரி நிரலுக்கு மேல் வேண்டாம். ஆனால் விடையைப் படிக்க வேண்டியவர்கள் தமிழ் மட்டும் படிப்பவர்கள். பெயர் சிதைந்தாலும், தொகை பத்தியை விட்டு நகர்ந்தாலும், "இதற்கு நோட்டே மேல்" என்று மூடி வைத்துவிடுவார்கள். அவர்கள் சொல்வது நியாயமே. பண விவகாரத்தில் நேராக நிற்காத பட்டியலை யார்தான் நம்புவார்?

முனையம் என்பது யாது?

முனையம் என்பது தொடக்கத்தில் மென்பொருள் அன்று, ஒரு கருவி. தட்டெழுத்துப் பொறியும் தந்தியும் கூடிப் பிறந்த டெலிடைப் முதலில் வந்தது. அதன் காகிதம் இருந்த இடத்தில் பின்னர்த் திரை வந்தது. அத்திரை முனையங்களுள் பெரும்புகழ் பெற்றது, அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட வி.டி.100. அதன் திரையில் 24 வரிகள். வரிக்கு 80 எழுத்துகள். அந்த 80-உம் புதிதன்று; ஐ.பி.எம். துளை அட்டையின் 80 பத்திகளிலிருந்து வந்த வழக்கம் என்பர்.

இன்று அக்கருவிகளைக் காட்சிச்சாலையில்தான் காண முடியும். அவற்றின் இடத்தில் வந்தமர்ந்த மென்பொருள்களையே டெர்மினல் எமுலேட்டர் என்கிறோம். தெருக்கூத்தில் முடியும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டவர் விடியும்வரை துரியோதனனாகவே பேசுவதைப் போல, இம்மென்பொருள் வி.டி.100-இன் வேடத்தைக் கட்டிக்கொண்டு மறுமுனையில் உள்ள கணிப்பொறியோடு பேசுகிறது. எக்ஸ்-டெர்ம், குனோம் டெர்மினல், கான்சோல் ஆகியவை லினக்ஸில் உள்ளவை. விண்டோஸ் கணிப்பொறியிலிருந்து லினக்ஸ் வழங்கிக்குச் செல்ல நாம் பெரிதும் பயன்படுத்துவது, சைமன் டாதம் என்பார் எழுதத் தொடங்கிய பட்டி. இப்பட்டிக்கும் நம் பட்டிதொட்டிக்கும் உறவு ஏதும் இல்லை.

வேடம் கட்டியவர் கிரீடத்தை மட்டும் வாங்கிக்கொள்ள முடியாது. அதன் பாரத்தையும் சுமக்க வேண்டும். வி.டி.100-இடமிருந்து இம்மென்பொருள்கள் பெற்ற பாரம், கட்டம் போட்ட திரை. 24 வரி, 80 பத்தி, ஆக 1,920 கட்டங்கள். ஒரு கட்டத்திற்கு ஓர் எழுத்து. ஆங்கிலத்தில் ஒல்லியான 'ஐ'யும் பருத்த 'எம்'மும் ஒரே அகலக் கட்டத்தில் நிற்க வேண்டும். மறுமுனையில் ஓடும் நிரலோ திரையைக் கண்ணால் பார்ப்பதில்லை. "இத்தனை எழுத்து அனுப்பினேன், ஆகவே சுட்டி இத்தனையாவது கட்டத்தில் நிற்கும்" என்று மனக்கணக்காகவே வேலை செய்கிறது. முனையத்தின் கணக்கும் நிரலின் கணக்கும் ஒத்திருக்கும்வரை எல்லாம் நலம்.

நம் முன்னோர்க்கு இக்கட்டம் பழக்கமில்லை. ஓலையிலும் கல்லிலும் செம்பிலும் எழுத்து அதனதன் அகலத்திற்கு நின்றது. பல்லவன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு ஊர்களைக் கொடையளித்த செய்தியைக் கூறுவது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப் பகுதி தமிழ் எழுத்திலும் உள்ளன. ஒரே ஆவணத்தில் இரண்டு எழுத்து முறை! செதுக்கியவருக்கு அதில் இடர்ப்பாடு ஏதும் இருந்திராது. வரி முடிந்தால் சொல்லை முறித்து அடுத்த வரிக்குச் செல்வதும் அக்காலத்து வழக்கமே.

நோயும் அதன் அறிகுறியும்

காய்ச்சல் என்று வந்தவரிடம் மருத்துவர் நாக்கையும் கண்ணையும் பார்ப்பதுபோல, திரையில் தெரியும் சிதைவை உற்று நோக்கினாலே கோளாறு எங்கே என்று கூறிவிடலாம். பலர் இதைச் செய்யாமல், அமைப்புப் பலகையில் உள்ள எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கின்றனர். அது மருந்துக் கடையில் உள்ள மாத்திரை எல்லாவற்றையும் விழுங்குவது போன்றது.

முதலில், எழுத்து எவ்வாறு பயணம் செய்கிறது என்று காண்போம். யூனிகோடு முறையில் 'க' என்னும் எழுத்தின் குறியெண் 2965. இதை யூ.டி.எஃப்-8 என்னும் குறிமுறை மூன்று பைட்டுகளாக்கி அனுப்புகிறது: 224, 174, 149. வாங்கும் முனையமும் யூ.டி.எஃப்-8 என்றே எண்ணிப் படித்தால் மூன்றையும் சேர்த்து 'க' என்று அறியும். அதை விடுத்து, விண்டோஸின் மேற்கு ஐரோப்பியப் பட்டியலின்படி படித்தால் என்ன ஆகும்? 224 என்பது தலையில் சாய்கோடு இட்ட பிரெஞ்சு 'ஏ'. புதுச்சேரி நகரின் பழைய பலகைகளில் இவ்வாறு தலைக்கோடு சுமக்கும் எழுத்துகளைக் கண்டிருப்பீர்கள். 174 என்பது வட்டத்துக்குள் 'ஆர்' எழுதிய பதிவு வணிகக் குறி. 149 என்பது ஒரு தடித்த புள்ளி. ஆக ஒரு 'க' கேட்டவருக்கு மூன்று விருந்தினர் வந்து நிற்கின்றனர்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. யூனிகோட்டின் தமிழ்ப் பகுதியில் உள்ள எல்லாக் குறிகளும் யூ.டி.எஃப்-8-இல் 224 என்னும் பைட்டிலேயே தொடங்குகின்றன. ஆகவே தமிழ் வர வேண்டிய இடமெல்லாம் தலைக்கோடிட்ட பிரெஞ்சு 'ஏ' மூன்று இடத்திற்கு ஒரு முறை தலைகாட்டினால், ஐயமே வேண்டாம்: பைட்டுகள் பழுதின்றி வந்து சேர்ந்துள்ளன, படிக்கும் முனையத்தின் குறிமுறைதான் தவறு. பட்டியில் 'விண்டோ' பகுதியின் கீழ் 'டிரான்ஸ்லேஷன்' பக்கத்தில் 'ரிமோட் கேரக்டர் செட்' என்று ஓரிடம் உண்டு. அதில் யூ.டி.எஃப்-8 என்று தேர்ந்துவிட்டால் இந்நோய் அக்கணமே தீரும். புதிய பதிப்புகளில் இதுவே இயல்பாக இருக்கும். பழைய பதிப்பையோ, எவரோ என்றோ சேமித்து வைத்த அமைப்பையோ திறந்தால்தான் இத்தொல்லை.

இரண்டாவது அறிகுறி, எழுத்துக்கு ஒன்றாக வெற்றுப் பெட்டிகள் வரிசையாக நிற்பது. முனையம் 'இது க' என்று சரியாக அறிந்துகொண்டது. ஆனால் வரைந்து காட்ட அதன் எழுத்துருவில் 'க' இல்லை. பட்டியின் இயல்பான எழுத்துரு கூரியர் நியூ. தட்டெழுத்துப் பொறியின் சாயலில் அமைந்த அதில் தமிழ் கிடையாது. குறிமுறையை மாற்றிப் பயனில்லை. எழுத்துருவைத்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாவது அறிகுறி, கேள்விக்குறிகளின் வரிசை. கோப்புகளின் பெயரைப் பட்டியலிடும்போது இது மிகுதி. சில வழங்கிகளில் கேள்விக்குறிக்குப் பதில் சாய்கோட்டோடு 340, 256, 225 என்று எண்கள் வரும். அஞ்ச வேண்டாம், அவை 224, 174, 149 என்பனவற்றின் எட்டடிமான வடிவமே. அதாவது அதே 'க'தான். இங்கே குற்றம் முனையத்தினுடையது அன்று. வழங்கியில் ஓடும் நிரல் தன்னை ஆங்கிலம் மட்டும் அறிந்த சூழலில் இருப்பதாக எண்ணுகிறது. 'லொகேல்' என்னும் ஆணையை இட்டுப் பார்த்து, 'லாங்' என்னும் மாறியின் மதிப்பு யூ.டி.எஃப்-8 என்று முடியுமாறு அமைக்க வேண்டும். தமிழ் தெரிய வேண்டுமானால் மொழியையே தமிழாக்க வேண்டும் என்று சிலர் நினைக்கின்றனர். தேவையில்லை. இந்திய ஆங்கிலம் என்றிருந்தாலும், இறுதியில் யூ.டி.எஃப்-8 இருந்தால் தமிழ்ப் பெயர்கள் நன்றாகவே வரும்.

நான்காவது அறிகுறிதான் பெரிய நோய். எழுத்து வந்துவிட்டது, எழுத்துருவும் உண்டு. ஆயினும் 'கொ' என்பதில் கொம்பும் காலும் தனித்தனியே நிற்கின்றன, அல்லது 'ணை' பக்கத்து எழுத்தின் மேல் ஏறிக்கொள்கிறது, அல்லது தொகைப் பத்தி வளைந்து வளைந்து ஓடுகிறது. இதற்கு அமைப்புப் பலகையில் நேரான மருந்து இல்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஒரு பெயருக்கு நான்கு நீளம்

நம் புதுச்சேரிப் பகுதியில் கொம்யூன் பஞ்சாயத்துகள் ஐந்து: அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர். இவற்றுள் வில்லியனூரை எடுத்துக்கொள்வோம். தமிழாசிரியரைக் கேட்டால் வி, ல், லி, ய, னூ, ர் என்று ஆறு எழுத்து என்பார். யூனிகோட்டில் துணைக்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியெண்கள் ஆதலால் அங்கே அது பதினொன்று. ஒவ்வொன்றும் மூன்று பைட்டு ஆதலால் சேமிப்பில் முப்பத்து மூன்று. திரையில்? அதற்கு வேறொரு கணக்கு.

எந்தக் குறிக்கு எத்தனை கட்டம் என்று முனையங்கள் ஓர் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மார்க்குஸ் கூன் என்பார் எழுதிய சிறு நிரல் இதில் முன்னோடி. பட்டி உட்படப் பல மென்பொருள்கள் அதை எடுத்தாண்டன. அதன் விதி எளிது. சீன எழுத்துக்கு இரண்டு கட்டம். மற்றவற்றுக்கு ஒன்று. எழுத்தின் மேலோ கீழோ ஒட்டிக்கொண்டு தனக்கென இடம் கேளாத குறிகளுக்குச் சுழியம். எவை இடம் கேளாதவை என்பதை யூனிகோட்டின் வகைப்பாடு கூறுகிறது. தமிழ்த் துணைக்குறிகளுள் அவ்வாறு வகைப்படுத்தப்பட்டவை புள்ளியும், ஈகாரக் குறியும் மட்டுமே. மற்ற கால், கொம்பு, சுழி, உகரக் குறி, இகரக் குறி யாவும் தனியிடம் கேட்பவை என்று எழுதப்பட்டுவிட்டன.

இதனால் விளையும் வேடிக்கையைப் பாருங்கள். 'கி' என்பதற்கு இரண்டு கட்டம். 'கீ' என்பதற்கு ஒரே கட்டம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நாம் இலக்கண வகுப்பில் படித்தோம். முனையத்தின் இலக்கணத்திலோ இங்கே நெடிலைவிடக் குறில் நீளமானது. 'க'வும் 'க்'கும் சமம்.

இவ்விதிப்படி வில்லியனூருக்கு ஒன்பது கட்டங்கள். ஆக ஒரே பெயருக்கு ஆறு, பதினொன்று, முப்பத்து மூன்று, ஒன்பது என்று நான்கு நீளங்கள்! நிரல் எழுதுவோர் எந்த நீளத்தை எண்ணுகின்றனர் என்பதில்தான் பட்டியலின் தலைவிதி உள்ளது.

சி மொழியில் பெயருக்கு இருபது இடம் ஒதுக்கி அச்சிடுமாறு கூறினால், அது பைட்டுகளையே எண்ணும். பாகூர் பதினெட்டு பைட்டு. ஆகவே இரண்டே இடைவெளி விடும். திரையில் பாகூருக்குக் கட்டம் ஐந்துதான் என்பதால் தொகை எட்டாவது கட்டத்திலேயே தொடங்கிவிடும். வில்லியனூரோ முப்பத்து மூன்று பைட்டு, ஒதுக்கிய இடத்தை முன்பே தாண்டிவிட்டது; இடைவெளியே இராது. தொகை பெயரோடு ஒட்டிக்கொண்டு பத்தாவது கட்டத்தில் நிற்கும். அரியாங்குப்பத்தில் பன்னிரண்டு, நெட்டப்பாக்கத்தில் பதினொன்று. பட்டியல் பாம்புபோல் நெளியும்.

பைத்தான் மொழி பைட்டை விட்டுக் குறியெண்ணை எண்ணுகிறது. நிலைமை சற்றுத் தேறும். ஆயினும் முழுக் குணம் ஆகாது. இருபது இடம் கேட்டால் பாகூருக்குப் பத்தொன்பதும், வில்லியனூருக்குப் பதினெட்டும், அரியாங்குப்பத்திற்கும் மண்ணாடிப்பட்டுக்கும் பதினேழும், நெட்டப்பாக்கத்திற்குப் பதினாறும் கிடைக்கும். பெயரில் எத்தனை புள்ளியோ அத்தனை கட்டம் குறைவு. எண்ணிப் பாருங்கள், நெட்டப்பாக்கத்தில் புள்ளி நான்கு. பெயரில் ஈகாரம் வந்தால் அதுவும் ஒன்றைக் குறைக்கும்.

இவை மேற்கூறிய அட்டவணையைப் பின்பற்றும் முனையத்திற்கான கணக்குகள். வேறு அட்டவணை வைத்துள்ள முனையத்தில் எண்கள் மாறும். அதுவே இத்தொல்லையின் வேர்: முனையத்தின் அட்டவணை ஒன்று, நிரலின் அட்டவணை மற்றொன்று.

முன்னோர் கண்ட வழிகள்

தமிழைக் கட்டத்தில் நிறுத்தும் முயற்சி கணிப்பொறியோடு தொடங்கியதன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை வடிவமைத்தபோதே இச்சிக்கலைச் சந்தித்தார். பொறியின் வண்டி, எந்தச் சாவியைத் தட்டினாலும் ஒரே அளவு நகர்வது. தமிழ் எழுத்தோ அகலத்தில் பலவகை. விடை என்ன? புள்ளி போன்ற சில குறிகளின் சாவியைத் தட்டினால் வண்டி நகராது; அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் விழுந்து குறியோடு சேர்ந்துகொள்ளும். சுழியக் கட்டம் என்று இன்று நாம் கூறுவது அதுவேயன்றோ! பருத்த எழுத்துகள் ஒடுங்கியும் மெலிந்தவை அகன்றும் அந்தக் கட்டத்துக்குள் அடங்கின. தட்டெழுத்துப் பயிலகத்தில் பழகிய நம் அக்காமார் அடித்த பட்டியல்கள் நேராகவே நின்றன. தமிழால் கட்டத்தில் நிற்க முடியாது என்போர்க்கு இதுவே விடை. நிற்க முடியும், அதற்கென எவரேனும் அமர்ந்து வடிவமைக்க வேண்டும்.

கணிப்பொறி முனையத்திலும் அவ்வாறு ஒருமுறை நடந்தது. 1980-களில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் உருவான ஜிஸ்ட் தொழில்நுட்பத்தை, 1988-இல் தொடங்கப்பெற்ற சி-டாக் நிறுவனம் புணேயில் வளர்த்தெடுத்தது. ஜிஸ்ட் அட்டையைக் கணிப்பொறிக்குள் செருகினால், ஆங்கிலத்திற்கென எழுதிய மென்பொருளின் எழுத்துத் திரையிலேயே இந்திய எழுத்துகள் தோன்றின. ஜிஸ்ட் முனையங்களும் செய்யப்பட்டன. எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே ஒலி வரிசை. கட்டங்களைக் கூட்டி வடிவத்தை அமைக்கும் பொறுப்பு கருவியைச் சார்ந்தது. இதற்கு அடிப்படையான இஸ்கி என்னும் குறிமுறை 1991-இல் இந்தியத் தர நிருணயமாகியது. அதே 1991-இல் வெளிவந்த யூனிகோடு, இஸ்கியின் 1988-ஆம் ஆண்டு வடிவத்தை ஒட்டியே தமிழுக்கு இடம் வகுத்தது. கால், கொம்பு, புள்ளி என்று பிரித்துச் சேமிக்கும் முறை நமக்கு வந்த வழி இதுவே. ஆனால் கூட்டிக் காட்டும் கருவி உடன் வரவில்லை. அப்பொறுப்பு ஒவ்வொரு மென்பொருளின் தலையிலும் விழுந்தது.

இடையில் 1990-களின் இறுதியில் திஸ்கி என்னும் குறிமுறையும், 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தாப், தாம் என்பனவும் வந்தன. இவை வடிவத்தையே எண்ணாக்கியவை. 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தன. எழுத்துருவை மாற்றினாலே போதும், எந்த மென்பொருளிலும் தமிழ் தெரியும். அந்நாளில் அது பெரும் விடுதலை. ஆனால் அகர வரிசைப்படுத்துவது கடினம். குறிமுறை அறியாதவர்க்குக் கோப்பு வெறும் குப்பை. 2010-இல் தமிழக அரசு யூனிகோட்டோடு சேர்த்து ஏற்ற டேஸ்-16 முறை ஒவ்வோர் உயிர்மெய்க்கும் ஓர் எண்ணைத் தந்தது. எண்ணுவதற்கு அது எளிது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 'ர'வும் 'ணௌ'வும் ஒரே கட்டத்தில் எவ்வாறு அடங்கும் என்னும் கேள்வி அங்கேயும் அப்படியே உள்ளது. குறிமுறை மாற்றம் ஒன்றால் இந்நோய் தீரும் என்று நான் கருதவில்லை.

இன்று செய்யத்தக்கவை

எழுத்துருவிலிருந்து தொடங்குவோம். பட்டியில் 'அப்பியரன்ஸ்' பக்கத்தில் சம அகல எழுத்துருக்கள் மட்டுமே காட்டப்படும். அங்குள்ள ஒரு சிறு பெட்டியில் குறியிட்டால் மாறு அகல எழுத்துருக்களும் பட்டியலில் வரும். விண்டோஸின் லதா, நிர்மலா போன்றவற்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் கட்டம் கட்டமாகவே இருக்கும். தமிழ் நெருங்கியும் ஆங்கிலம் பல் விழுந்ததுபோல் அகன்றும் தெரியும். குனோம் டெர்மினலில் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அதன் அமைப்பில் கட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கும் எண்கள் உள்ளன. அகலத்தை 1.2 அளவுக்கு உயர்த்தினால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது குறையும். உயரத்தையும் சிறிது கூட்டினால் 'கூ', 'மு' ஆகியவற்றின் அடிப்பகுதியும் 'கீ'யின் தலையும் வெட்டுப்படா. எழுத்தின் அளவும் ஆங்கிலத்திற்கு வைப்பதைவிட இரண்டு புள்ளி கூடுதலாக இருத்தல் நலம். நம் எழுத்தில் சுழிகள் மிகுதி. அளவைக் கூட்டினால் சாளரம் பெருத்துத் திரையை மீறும். 80 பத்தியை விட்டுக்கொடுக்காமல் வரிகளைக் குறைத்துக்கொள்ளலாம். பல பழைய நிரல்கள் 80-ஐ நம்பியே எழுதப்பட்டவை.

வண்ணத்தைப் பற்றி விரிக்கப் போவதில்லை. அவரவர் கண்ணுக்கு ஏற்றதை வைத்துக்கொள்க.

'ஐயப்பாடான அகலம்' என்ற பொருளில் ஓர் அமைப்பு பட்டியிலும் குனோமிலும் உள்ளது. தமிழ் சரியாகும் என்று எண்ணி அதைத் தொட வேண்டாம். அது சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துச் சூழலுக்கானது, நமக்குத் தொடர்பில்லை.

பட்டியில் ஒரு சங்கடம் உண்டு. மேற்கூறியவற்றை மாற்றிவிட்டு அப்படியே இணைப்பைத் திறந்தால் அன்றைக்கு மட்டும் பயன்படும். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிடும். மாற்றங்களுக்குப் பின் 'செஷன்' பக்கத்திற்குத் திரும்பி, ஒரு பெயரிட்டுச் சேமித்த பிறகே திறக்க வேண்டும்.

தமிழில் உள்ளீடு வாங்கும் நிரல் எழுதுவோர்க்கு இன்னொன்று. ஓர் எழுத்தை அழித்தால் சில வழங்கிகளில் ஒரு பைட்டு மட்டும் அழிந்து, மற்ற இரண்டும் ஊனமாய் நிற்கும். அவ்வழங்கியில் 'எஸ்.டி.டி.ஒய். ஐ.யூ.டி.எஃப்.8' என்னும் ஆணையை இட்டால் மூன்று பைட்டும் சேர்ந்தே போகும். 'கு'வை அழிக்க அதன் பின்னும் இருமுறை தட்டத்தான் வேண்டும், ஏனெனில் அது இரண்டு குறியெண்.

இனி, பட்டியலை நேராக்கும் வழி. கணக்கு ஒவ்வாததால்தான் இத்தனை தொல்லை என்று கண்டோம். ஆகவே எண்ணுவதையே விட்டுவிடலாம். வி.டி. குடும்பத்தின் வழிவந்த முனையங்களுக்குச் சுட்டியை இடம் மாற்றும் ஆணைகள் தெரியும். எஸ்கேப் என்னும் 27-ஆம் எழுத்து, அதையடுத்து இடப்பக்கச் சதுர அடைப்பு, பின் 30 என்னும் எண், பின் பெரிய எழுத்து 'ஜி': இவற்றை இடைவெளியின்றி அனுப்பினால் சுட்டி அதே வரியின் 30-ஆம் கட்டத்திற்குச் செல்லும். பெயரை அச்சிட்டு, இவ்வாணையை அனுப்பி, அதன்பின் தொகையை அச்சிடுங்கள். பெயர் ஐந்து கட்டம் எடுத்ததா பதினொன்றா என்று நிரல் அறிய வேண்டியதே இல்லை. தொகைகள் எல்லாம் 30-ஆம் கட்டத்தில் தொடங்கும். சி மொழியில் ஒரே ஒரு வரி கூடுதல். புதிய நூலகம் எதுவும் வேண்டாம். எண்கள் சம அகலம் உடையவை ஆதலால் அவற்றை வலப்பக்கம் ஒதுக்க வழக்கமான முறையே போதும். இதிலும் சோம்பல் என்போர் எண் பத்திகளை முதலில் வைத்துத் தமிழ்ப் பெயரை வரியின் கடைசியில் வைக்கலாம். அங்கே அது எவ்வளவு நீண்டாலும் எவரையும் இடிக்காது.

இந்த ஆணை திரைக்கு மட்டுமே உரியது. கோப்பிலோ தாளிலோ அனுப்பினால் வெறும் குப்பையாக நிற்கும். தாளில் வேண்டுவோர் காற்புள்ளியால் பிரித்த கோப்பாக எழுதி விரிதாளில் திறப்பதே நன்று.

புதிய முனையங்கள் வடிவத்தைக் கூட்டும் பொறுப்பை மெல்ல ஏற்று வருகின்றன. எம்.எல்.டெர்ம் நெடுநாளாகவே இந்திய எழுத்துகளுக்கென மாறும் பத்தி அகலத்தை ஓர் அமைப்பாகத் தந்துள்ளது. விண்டோஸ் டெர்மினல் 2024-இன் முன்னோட்டப் பதிப்பிலிருந்து, குறியெண்ணை விட்டு முழு எழுத்தையே ஓர் அலகாக அளக்கத் தொடங்கியது. நல்லதே. ஆனால் முனையம் மட்டும் மாறி, மறுமுனையில் உள்ள நிரல் பழைய அட்டவணையையே பார்த்தால், வி.ஐ. போன்ற தொகுப்பியில் சுட்டி ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாக நிற்பது தொடரும்.

ஆய்வகத்தில் எந்த முனையம் கிடைத்தாலும் சோதித்துப் பார்க்க ஒரு வரி சொல்கிறேன். க, க், கி, கீ, கொ, ணை, ஸ்ரீ ஆகிய ஏழையும், ஒவ்வொன்றின் பின்னும் ஒரு நிமிர்கோடு இட்டு, வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதித் திரையில் காட்டுங்கள். முதல் மூன்று வரிகளின் கோடுகள் எங்கே நிற்கின்றன என்பது புள்ளியையும் இகரத்தையும் முனையம் எவ்வாறு எண்ணுகிறது என்று கூறும். கீழே உள்ள 'கீ'யின் கோடு 'கி'யின் கோட்டுக்கு நேராக நின்றால் அது புதிய அட்டவணையைப் பின்பற்றுவது. ஒரு கட்டம் முன்னே நின்றால் பழையது. 'கொ'வில் கொம்பு இடம் மாறி முன்னே வந்ததா என்பதும், 'ஸ்ரீ' ஒரே வடிவமாகக் கூடியதா அல்லது ஸ், ரீ என்று பிரிந்து நிற்கிறதா என்பதும் வடிவக் கூட்டலைக் காட்டும். 'ணை' கோட்டின் மேல் ஏறினால், கட்டத்தின் அகலத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்.